காப்பு கட்டிய ஊரிலிருந்து ரஷ்யாவுக்கு

எண்பதுகளின் பிற்பகுதியில், இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்தில் சாலை மறியல் நடந்த வாரம் அது. கள்ளக்குறிச்சியில் என் சின்னம்மா வீட்டுக் கூடத்தில், கட்டிவைத்த பெட்டியோடு உட்கார்ந்திருந்தேன். பிளஸ் டூ முடித்த எனக்கு, ரஷ்யாவில் டாக்டருக்குப் படிக்க உதவித்தொகையோடு இடம் கிடைத்திருந்தது. அதற்கு முன்னால் நான் மெட்ராசையே ஒரு முறைதான் பார்த்திருந்தேன், அதுவும் இதே படிப்புக்கான நேர்முகத் தேர்வுக்குப் போனபோது.

எங்கள் ஊர் கச்சிராயபாளையம் பக்கம், கல்வராயன் மலை அடிவாரத்தில் இருக்கிறது. சொந்த வீடு அவ்வளவு கிட்டத்தில் இருக்கும்போது கடல் கடந்து போகிற பெண் ஏன் சின்னம்மா வீட்டில் உட்கார்ந்திருந்தாள் என்று கேட்பீர்கள். எல்லாம் காப்பு கட்டியதால் வந்தது.

எங்கள் ஊர் அம்மன் கோயில் தீமிதிக்குக் காப்பு கட்டிவிட்டால், அந்த நேரத்தில் ஊரில் இருக்கிற யாரும் தீமிதி முடிகிறவரை வெளியூரில் ராத்தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போய்வரலாம். பொழுது சாய்வதற்குள் ஊர் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். மீறினால் தீக்குழியில் இறங்குகிறவர்களுக்கு ஆகாது என்பது ஊர் நம்பிக்கை. அதனால் பிரசவத்துக்குப் போக வேண்டிய பெண், வெளியூரில் வேலை பார்க்கிற ஆள் என்று போக வேண்டியவர்களை எல்லாம் காப்பு கட்டும் பம்பை மேளச் சத்தம் கேட்பதற்கு முன்பே ஊரைவிட்டு அனுப்பிவிடுவார்கள். அந்த வருடம் ஆடியில் நடந்திருக்க வேண்டிய தீமிதி, இரண்டு தெருக்காரர்களுக்குள் வந்த தகராறால் தள்ளிப்போய், சரியாக என் பயணத்தின்மேல் வந்து விழுந்தது. என்னையும் மூட்டை முடிச்சோடு முன்கூட்டியே கள்ளக்குறிச்சிக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஆனால் அப்பாவால் என்னோடு வர முடியாது. மகளுக்கு இடம் கிடைத்தால் தீ மிதிக்கிறேன் என்று வேண்டிக்கொண்டவர் அவர். கிடைத்துவிட்டது. மஞ்சள் துணி கட்டி, கையில் காப்புக் கயிறு கட்டி, ஒருவேளைச் சாப்பாட்டில் விரதம் இருந்தார். என்னை மெட்ராசில் கொண்டுபோய் விடுவது சித்தப்பா என்று ஏற்பாடு. எல்லாவற்றையும் யோசித்துச் செய்த பெரியவர்கள், பஸ்ஸே ஓடாவிட்டால் என்ன செய்வது என்பதை மட்டும் யோசிக்கவில்லை. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. யார்தான் அதை யோசித்திருப்பார்கள்?

தியாகதுருகம் பக்கத்தில் ரோட்டோரப் புளியமரங்களை வெட்டி நடுரோட்டில் சாய்த்துவிட்டார்கள் என்று முதலில் சேதி வந்தது. உளுந்தூர்பேட்டையில் லாரிகள் அப்படியப்படியே நிற்கின்றன என்று அடுத்து வந்தது. எங்கேயோ துப்பாக்கிச் சூடு நடந்ததாம் என்று பால்காரர் சொல்லிவிட்டுப் போனார். சின்னம்மா கதவைச் சாத்தினாள். மறியலில் உட்கார்ந்திருந்தவர்கள் அந்நியர்கள் இல்லை. என் தாய்மாமனே ஏதோ ஒரு ரோட்டில் உட்கார்ந்திருந்தார்.

"நம்ம புள்ளைங்க படிக்கணும்னுதான் ரோட்டுல ஒக்காந்துகினு இருக்கானுங்க. இங்க படிக்கப் போற புள்ள போவ முடியாம ஒக்காந்துகினு இருக்குது" என்று சித்தப்பா சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

எனக்கு அழுகையாக வந்தது. எங்களை ரஷ்யாவுக்கு அனுப்புகிற நட்புறவுச் சங்கத்தில், குறித்த நாளில் எல்லோரும் மெட்ராஸ் வந்து சேர வேண்டும், சேர்ந்துதான் டெல்லிக்கு ரயில் ஏறி அங்கிருந்து விமானம், வராதவர்களுக்காகக் காத்திருக்க மாட்டோம் என்று கறாராகச் சொல்லியிருந்தார்கள். அந்த நாளுக்கு இன்னும் இரண்டே நாள்தான் இருந்தது. என் வயதுப் பெண்களுக்கெல்லாம் எங்கள் ஊரில் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். இதை விட்டால் எனக்கும் அதுதான் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

மறுநாள் விடியும்போதே அப்பா சைக்கிளில் வந்து நின்றார். விஷயம் அவர் காதுக்கும் போயிருந்தது. வந்தவர் உட்காரக்கூட இல்லை.

"பெட்டிய எடு. மலமேல ஏறி அந்தப் பக்கம் எறங்கிடலாம். சேலம் பக்கம் ரயில் ஓடுதாம். வெள்ளிமல போயிட்டா ஜீப்பு இருக்கும். நம்ம ஜீப்புக்காரரு தெரிஞ்சவருதான், சேலத்துல பத்திரமா ரயிலேத்தி வுட்டுடுவாரு. நான் பொழுதோட எறங்கி வூட்டுக்கு வந்துடுவன்."

சித்தப்பாவுக்கு இளைப்பு நோய். அடிவாரம் வரைக்கும்தான் அவரால் சைக்கிள் மிதிக்க முடிந்தது. அப்பாவுக்கு அந்த மலை அத்துப்படி. வருடாவருடம் அங்கே புளியமரம் குத்தகைக்கு எடுப்பவர் அவர். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு குறுக்குப் பாதையில் முன்னால் நடந்தார். நான் புதுச் செருப்போடு பின்னால் நடந்து, கொஞ்ச தூரத்தில் அதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். வழி நெடுகச் சாமையும் வரகும் பச்சைப்பசேல் என்று நின்றன. கீழே அத்தனை களேபரம் நடக்கிறது, மேலே ஒரு சத்தமும் இல்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

வெள்ளிமலைக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில் தாண்டிவிட்டது. ஜீப் இருந்தது. ஜீப்புக்காரரும் இருந்தார். டீசல்தான் இல்லை. ரோடு மறித்ததிலிருந்து மலைக்கு ஒரு சொட்டு டீசல் வரவில்லை என்று அவர் கையை விரித்தார்.

அப்பா பெட்டியை இறக்கிவைத்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். இனி கருமந்துறை வரைக்கும் நடக்க வேண்டும். நடந்தால் வழியிலேயே இருட்டிவிடும். இப்போது திரும்பினால்தான் அவரால் பொழுதுக்குள் ஊர் எல்லையைத் தொட முடியும்.

புளியமரம் குத்தகைக்கு விடுகிற மலைக்காரர் ஒருவர் அங்கே இருந்தார். அப்பாவுக்குப் பல வருடப் பழக்கம். அவர் அப்பாவின் கையைப் பார்த்துவிட்டார்.

"காப்புக் கட்டிக்கினா வந்த? நீ எறங்கிப் போ. பொண்ண நானும் என் பொஞ்சாதியும் கூட்டிக்கினு போறோம். கருமந்துறைல என் தங்கச்சி வூடு இருக்குது. காலைல பஸ் ஏத்தி வுடறோம். எங்கள நம்ப மாட்டியா நீ?"

"உன்ன நம்பாமயா" என்றார் அப்பா. ஆனாலும் நகரவில்லை.

அந்த மனிதரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம் பொண்ணாட்டம் பாத்துக்கறன்" என்றாள். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. தீக்குழி, விரதம், ஊர்க்கட்டு எல்லாம் தெரிந்து வளர்ந்தவள்தானே நானும். "நான் இவங்களோட போய்க்கிறேன்ப்பா. நீ ஊருக்குப் போ. கெளம்பு" என்றேன்.

"சும்மா இரு" என்றார். கொஞ்சம் கழித்து, யாரிடம் சொல்கிறார் என்றே தெரியாத மாதிரி, "சீம தேசத்துக்குப் போற புள்ளய பாதி மலையில வுட்டுட்டு வந்தன்னு எப்பிடி வூட்டுக்குப் போவன்" என்றார். பெட்டியைத் தூக்கப் போனார். மலைக்காரர் அதைப் பிடுங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

வழியில் பொழுது இறங்கியது. கீழே சமவெளி தெரிகிற ஒரு திருப்பத்தில் அப்பா நின்றார். எங்கள் ஊர் இருக்கிற திசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். கயிறு கட்டிய மணிக்கட்டின்மேல் துண்டைச் சுற்றிக்கொண்டார். பிறகு நடந்தார். நான் செருப்பைக் கையில் பிடித்தபடி அவர் பின்னாலேயே நடந்தேன். மனசின் ஒரு மூலையில், அப்பா கூட வருகிறார் என்ற சந்தோஷமும் இருந்தது. பதினேழு வயது.

மறுநாள் கருமந்துறையிலிருந்து பஸ் கிடைத்தது. சேலத்தில் ரயிலும் கிடைத்தது. பெண்கள் பெட்டியில் ஒரு வயதான அம்மாவிடம் என்னை ஒப்படைத்து, "டாக்டருக்குப் படிக்கப் போவுது, கொஞ்சம் பாத்துக்குங்க" என்று அப்பா சொன்னார். அவர் பெருமையாகச் சொன்னதை நான் கேட்டது அது ஒன்றுதான். ரயில் நகர்ந்தபோது கையை ஆட்டவில்லை. துண்டு சுற்றிய கையை மார்போடு அணைத்தபடி நின்றார். ஊருக்குப் போய் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது.

மெட்ராசில் இறங்கி, பெட்டியைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு, விசாரித்து விசாரித்து சங்கத்து ஆபீசுக்குப் போனேன். வியர்த்து வழிந்து நின்ற என்னை அங்கிருந்தவர் ஆச்சரியமாகப் பார்த்தார்.

"எப்படிம்மா வந்தீங்க? ரோடுதான் இல்லையே. வட மாவட்டத்துப் பசங்க பாதிப் பேர் வரலை. அதனால பயணத்தைத் தள்ளி வெச்சாச்சு. எல்லாரும் வந்தப்புறம்தான் கிளம்புறோம்."

நான் சிரித்துவிட்டேன். வேறு என்ன செய்வது? எங்களை ஒரு விடுதியில் தங்கவைத்தார்கள். மறியல் முடிந்து ரோடு திறந்த பிறகு, பண்ருட்டிக்காரப் பெண் ஒருத்தி அப்பா, அம்மா, அண்ணன் சகிதம் பஸ்ஸில் வந்து இறங்கினாள். தலையில் பூ வாடாமல் இருந்தது. அவளும் நானும் ஒரே ரயிலில்தான் டெல்லிக்குப் போனோம்.

வீட்டுக்கு எழுதியபோது, சௌக்கியமாக வந்து சேர்ந்தேன் என்று எழுதினேன். பயணம் தள்ளிப்போனதை எழுதவில்லை. வேண்டுமென்று மறைக்கவில்லை, விமானத்தில் ஏறிய கதை எழுதவே இடம் போதவில்லை.

ரஷ்யாவில் முதல் வருடம் முழுக்க அந்த ஊர் மொழி படிக்க வேண்டும். கறுப்பு ரொட்டியின் புளிப்பு தொண்டையில் இறங்காது. மதியம் மூன்று மணிக்கே இருட்டிவிடும் குளிர்காலத்தில், வெளியே போகவே மனம் வராமல் எல்லோரும் ஹாஸ்டல் சமையலறையில் கூடி உட்கார்ந்து தங்கள் தங்கள் ஊர்க்கதை சொல்வோம். என் முறை வரும்போதெல்லாம் இந்த மலையேறிய கதையைத்தான் கேட்பார்கள். கையில் செருப்போடு நடந்தது, டீசல் இல்லாத ஜீப், கடைசியில் "பயணம் தள்ளி வெச்சாச்சு" என்று ஆபீஸ்காரர் சொன்னது. அந்த இடம் வந்ததும் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் நன்றாக நடித்துக் காட்டுவேன்.

இரண்டு வருடம் கழித்துத்தான் முதல் முறையாக ஊருக்கு வர முடிந்தது. அங்கே கோடை விடுமுறை, இங்கே ஆடி மாதம். மறுபடியும் தீமிதி. சாமி ஊர்வலம் எங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது, வீட்டுக்கு வீடு தட்டில் தேங்காயும் கற்பூரமுமாகப் பெண்கள் வாசலில் நின்றார்கள். அம்மா மட்டும் ஏன் அடுப்படியில் இருக்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. நானே ஒரு தட்டில் எல்லாம் எடுத்துவைத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

பக்கத்து வீட்டு வாசலில் சாமி நின்றது, தீபாராதனை நடந்தது. பிறகு பம்பைக்காரர்கள் அடிப்பதை நிறுத்தினார்கள். சத்தமில்லாமல் எங்கள் வாசலைக் கடந்தார்கள். தூக்கி வந்தவர்களில் ஒருவர் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அடுத்த வீட்டு வாசலில் மறுபடியும் பம்பை ஒலித்தது. தட்டோடு நான் நின்றுகொண்டிருந்தேன்.

"உள்ள வாடி" என்றாள் அம்மா.

அடுப்படியில் வைத்து அவள்தான் சொன்னாள். என்னை ரயிலேற்றிவிட்டு வந்த அப்பா, யாரும் கேட்பதற்கு முன்னால் நேராகக் கோயிலுக்குப் போய், ராத்திரி மலையில் தங்கிவிட்டேன் என்று தானே சொல்லியிருக்கிறார். அவிழ்க்கிற நாள் வருமுன்பே அவர் கையிலிருந்து காப்பை அவிழ்த்திருக்கிறார்கள். நீ தீயில் இறங்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அப்படியும் தீமிதி நடந்தது. அதில் எங்கள் அடுத்த தெரு அண்ணன் ஒருவர், கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாதவர், நெருப்பில் இடறி விழுந்துவிட்டார். ஊன்றிய இரண்டு கையும் வெந்து, உயிர் பிழைத்ததே பெரிய காரியமாம். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய்விட்டன.

"அதுலேர்ந்து நம்ம வூட்டுக்குக் காப்பும் கெடையாது, சாமி நிக்கறதும் கெடையாது. மத்தபடி எல்லாம் நல்லாத்தான் பேசறாங்க. உனக்கு எழுதக் கூடாதுன்னுட்டாரு. படிக்கிற புள்ளயாம்." அம்மா அடுப்பை ஊதினாள். "அந்தப் பையன் நெலத்துக்கும் இவருதான் ஏர் ஓட்டறாரு. ரெண்டு வூட்டு வேலயும் ஒரு ஆளு செஞ்சா ஒடம்பு இன்னாத்துக்கு ஆவும்? கேட்டாத் திட்டறாரு."

 ஹாஸ்டல் சமையலறையில் நான் நடித்துக் காட்டியதும், அத்தனை பேர் சிரித்ததும் காதில் கேட்டன. நாங்கள் அங்கே சிரித்துக்கொண்டிருந்த நாட்களில்தான் இங்கே அந்த அண்ணன் ஆறாத கைகளோடு கிடந்திருக்கிறார்.

மறுநாள் காலை, அந்த அண்ணனின் நிலத்தில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்த அப்பாவிடம் கூழ் எடுத்துக்கொண்டு போனேன். அவர் வரப்பில் உட்கார்ந்து குடித்தார். உடம்பு பாதியாகிவிட்டிருந்தது. நான் படித்தவள் மாதிரி ஆரம்பித்தேன். அந்த அண்ணன் நாள்கணக்காக விரதம் இருந்தார், பசி மயக்கம், கால் இடறியிருக்கிறது, நீ ராத்திரி எங்கே தங்கினாய் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று விளக்கினேன்.

அவர் மறுத்துப் பேசவில்லை. "இருக்கலாம்" என்றார். "நீ சொல்றாப்பலவும் இருக்கலாம். ஆனா நான் அன்னிக்கு ராத்திரி ஊர்ல இல்லயே."

"எனக்காகத்தானேப்பா போன? சாமிக்குத் தெரியாதா அது?"

"தெரிஞ்சா இன்னா. தப்பு தப்புதான்." சொம்பைக் கீழே வைத்தார். "தெரியாம ஒண்ணும் செய்யல. தப்புன்னு தெரிஞ்சிதான் நடந்தன். திரும்பிடலாமான்னு அந்த மல பூரா நெனச்சிகினேதான் வந்தன்."

மாடு வாலைச் சுழற்றிக்கொண்டு நின்றது. அவர் எழுந்திருக்கவில்லை. என் முகத்தைப் பார்க்காமல், தூரத்தில் தெரிந்த மலையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"ஏம்மா, ஒருநாள் தாமசமா போயிருந்தா உன்ன வுட்டுட்டுப் போயிருப்பாங்க இல்ல?"

இரண்டு வருடமாக அவர் இந்தக் கேள்வியைத்தான் கையில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. பண்ருட்டிப் பெண்ணின் வாடாத பூ கண்முன் வந்தது. 

"ஆமாம்ப்பா. வுட்டுட்டுத்தான் போயிருப்பாங்க" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். எழுந்து ஏரைப் பிடிக்கப் போனார்.

நான் படித்து முடித்து டாக்டராகத் திரும்பிய பிறகு, அந்த அண்ணனை வேலூருக்கு அழைத்துப்போய் ஆபரேஷன் செய்வித்தேன். இரண்டு விரல் கொஞ்சம் அசைந்தது, அவ்வளவுதான். ரொம்பக் காலம் கடந்துவிட்டது என்றார்கள். அவர் என்மேலோ அப்பாமேலோ ஒரு நாளும் கோபப்பட்டதில்லை. சாமியும் பின்னாளில் எங்கள் வாசலில் நிற்கத் தொடங்கியது. ஆனால் அதற்குள் அப்பா போய்விட்டார்.

அவர் இறந்த பிறகு, அன்று பயணம் தள்ளிப்போன விஷயத்தை அம்மாவிடமாவது சொல்லிவிடலாமா என்று பல முறை வாயெடுத்திருக்கிறேன், முடியவில்லை. என் படிப்புக்கு உதவியவர்கள் எத்தனையோ பேர், அவர்கள் எல்லோரும் நல்லது செய்கிறோம் என்று நம்பிச் செய்தார்கள். பாவம் என்று நம்பிக்கொண்டே எனக்காக நடந்தவர் அப்பா ஒருவர்தான், அந்த நடைக்கு அவசியமே இருக்கவில்லை என்பதைத் தெரிந்துகொண்டு எங்கள் ஊரில் உயிரோடு இருப்பவள் நான் ஒருத்திதான்.